வாமி பாரைத் தொட்டாலே சுருதி கலைகிறதா?

ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிய பலர், சுருதியை ஏற்றி இறக்க உதவும் கைப்பிடியான வாமி பாரை ஒருமுறை அழுத்தியதும் சுருதி கலைவதைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் ஐந்து ஸ்பிரிங்கையும் மாட்டி கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை அசையாமல் இறுக்கிவிடுகிறார்கள். 1954-ல் ஃபெண்டர் கொண்டுவந்த அருமையான அமைப்பு அது. அப்படிப் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பெரும்பாலும் பிரிட்ஜில் குறையே இருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் கடந்துபோகும் பள்ளங்கள் உள்ள துண்டு. பாரை அழுத்தும்போது கம்பி தளர்ந்து, நட்டின் பள்ளம் வழியாக முறுக்காணி பக்கம் கொஞ்சம் நகரும். விட்டதும் அதே வழியில் திரும்ப வேண்டும். பள்ளத்தில் சிக்கினால் சுருதி ஏறியே நிற்கும். அந்தக் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி ஒருமுறை பெண்ட் செய்து பாருங்கள். சரியான இடத்துக்கு வந்துவிட்டால் நட்தான் காரணம். கம்பியைத் தளர்த்தி, பள்ளத்தில் பென்சில் முனையைத் தேயுங்கள். பல கிட்டார்களுக்கு இதுவே போதும்.

அடுத்தது பிரிட்ஜ் தகட்டின் முன்பக்கத்து ஆறு ஸ்க்ரூக்கள். ஆறையும் அடிவரை இறுக்கினால் தகடு சாய இடமே இருக்காது. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, ஆறையும் தகட்டுக்கு மேல் சுமார் 1.6 மி.மீ. உயர்த்துங்கள். பிறகு ஓரத்து இரண்டை மட்டும் தகட்டைத் தொடும் அளவுக்கு இறக்குங்கள். பிரிட்ஜ் அந்த இரண்டில்தான் சாயும்.

ஒன்பதிலிருந்து பத்து கேஜுக்கு, அதாவது இன்னும் தடித்த கம்பிகளுக்கு மாறினால் கம்பிகளின் இழுவை கூடி, பிரிட்ஜின் பின்பக்கம் எழும்பும். அதற்காக இன்னொரு ஸ்பிரிங் தேட வேண்டாம், மூன்றே போதும். ஸ்பிரிங் மாட்டிய கொக்கித் தகட்டின் இரு ஸ்க்ரூக்களையும் கால் சுற்று இறுக்குங்கள், ஆறு கம்பியையும் மறுபடி சுருதி சேருங்கள், அப்புறம்தான் பிரிட்ஜுக்கும் கிட்டாரின் உடலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுருதி சேர்க்காமல் அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. பின்விளிம்பில் சுமார் 3.2 மி.மீ. வரும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுருதி சரியாக ஒலிக்கும்படி கம்பி நீளத்தைச் சரிசெய்வது, அதற்குப் பிறகுதான்.

கம்பி மாற்றும்போது ஆறையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் இந்தச் சமநிலை கெடாது.

இப்படி உடலைத் தொடாமல் மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை பெண்ட் செய்தால் மற்றவை கொஞ்சம் இறங்கும். அது பழுதல்ல, அமைப்பின் இயல்பு. அது உங்கள் வாசிப்புக்கு ஒத்துவராவிட்டால், பிரிட்ஜ் உடலில் படியும் அளவுக்கு மட்டும் ஸ்பிரிங்கை இறுக்குங்கள். பாரைக் கீழே அழுத்துவதற்குத் தடை இருக்காது.