ஆட்டோமேட்டிக் காருக்குக் கியர் ஆயில்: டப்பாவை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உதிரிபாகக் கடையில் போய் “ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் நாலு லிட்டர் கொடுங்க” என்று கேட்டால், பெரும்பாலும் சிவப்பு ஆயில் டப்பா ஒன்று மேஜைக்கு வரும். நல்ல கம்பெனிச் சரக்காகவே இருக்கும். ஆனாலும் உங்கள் வண்டிக்கு ஆகாததாக இருக்கலாம். எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் வண்டி பொறுத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆயில் மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள், தப்பில்லை. எந்த ஆயில் என்பதை மட்டும் நீங்களே தீர்மானியுங்கள். அதற்குக் கையில் கிரீஸ் படவே தேவையில்லை.

படி 1: வண்டியில் இருப்பது எந்த வகைக் கியர் பெட்டி?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியையும் ஆட்டோமேட்டிக் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பது டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) வைத்த பழைய பாணிப் பெட்டியா, பெல்ட்டில் ஓடும் சிவிடியா, இரட்டைக் கிளட்ச் டிசிடியா, மேனுவல் பெட்டியையே கருவி வைத்து இயக்கும் ஏஎம்டியா என்பதைப் பொறுத்து ஆயில் அடியோடு மாறும்.

2020-ல் வந்த ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 லிட்டர் பெட்ரோலில் சிவிடி வகை. ஹூண்டாய் அதற்கு ஐவிடி என்று பெயர் வைத்திருக்கிறது. 1.5 லிட்டர் டீசலில் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர். 1.4 டர்போ பெட்ரோலில் டிசிடி. ஒரே வருஷம், ஒரே பெயர், மூன்று பெட்டி. ஹோண்டா சிட்டியில் 2008-க்குப் பின் வந்த மாடலில் 5 கியர் ஆட்டோமேட்டிக் இருந்தது, 2014 மாடலில் சிவிடி வந்துவிட்டது. மாருதி பலேனோவில் 2022 வரை சிவிடி, அப்புறம் ஏஎம்டி. ஆக, பக்கத்து வீட்டுக்காரர் அதே பெயருள்ள வண்டிக்கு என்ன ஊற்றினார் என்பது உங்களுக்கு உதவாது.

இதில் அதிகம் பேர் குழம்புவது ஏஎம்டியில்தான். 2014-ல் மாருதி செலேரியோவோடு நம் ஊரில் பரவியது அது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் ஒரு கருவி செய்கிறது. அதனால் ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் இதற்கு வேண்டாம். மேனுவல் வண்டிக்குப் போடும் கியர் ஆயில்தான். கியர் லீவரைப் பாருங்கள்: பார்க்கிங்குக்கான ‘பி’ எழுத்து இல்லாமல் ஆர், என், டி என்றெல்லாம் இருந்தால் பெரும்பாலும் ஏஎம்டிதான். மாருதி, டாடா ஏஎம்டிகளில் கியர் மாற்றும் கருவிக்குத் தனியாக ஒரு சின்ன ஆயில் டேங்க் இருக்கும். அந்த ஆயில் வேறு, பெட்டிக்குள் இருக்கும் கியர் ஆயில் வேறு. ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோவில் வந்த 7 கியர் டிஎஸ்ஜியிலும் (அந்தக் கம்பெனி தன் டிசிடிக்கு வைத்த பெயர்) இதே மாதிரி இரண்டு தனி ஆயில் உண்டு.

படி 2: குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள்

டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கும் மேனுவலை, அதாவது வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து, கடைசிப் பக்கங்களில் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் சேர்ந்திருக்கும் அட்டவணையைப் பாருங்கள். அங்கே கியர்பாக்ஸுக்கு நேரே ஒரு குறியீடு இருக்கும். டொயோட்டாவின் பழைய வண்டிகளில் டி-4, பின்னால் வந்தவற்றில் டபிள்யூஎஸ். ஹூண்டாய், கியாவின் 6 கியர் பெட்டிகளில் எஸ்பி-4. ஹோண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்-2, நிசான் சிவிடிக்கு என்எஸ்-3. பழைய வண்டிகளில் டெக்ஸ்ரான், மெர்கான் என்ற பெயர்களைப் பார்க்கலாம். முதலாவது ஜெனரல் மோட்டார்ஸுடையது, இரண்டாவது ஃபோர்டுடையது.

எழுத்தையும் எண்ணையும் அப்படியே எழுதுங்கள். எஸ்பி-3 வேறு, எஸ்பி-4 வேறு. போனில் ஒரு படம் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. செகண்ட் ஹாண்டில் வாங்கி மேனுவல் கிடைக்காதவர்கள், கம்பெனி டீலரின் உதிரிபாக கவுண்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் அந்த வண்டிக்கு உரிய ஆயிலின் பார்ட் நம்பரையே சொல்லிவிடுவார்கள். அங்கேதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

மேனுவலில் இருக்கும் பெயர் கடையில் கிடைக்காமலும் போகலாம். பழைய ஹோண்டாவுக்கு இசட்-1 என்று போட்டிருக்கும். ஹோண்டாவே அதை நிறுத்தி டிடபிள்யூ-1 கொண்டுவந்துவிட்டது. டெக்ஸ்ரான் 3-க்கும் இதே கதை: 2005-ல் டெக்ஸ்ரான் 6 வந்தது, 2006 இறுதியோடு 3-க்கு உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். பழையதன் இடத்தில் புதியதை ஊற்றலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் சரி. டெக்ஸ்ரான் 6 கேட்கும் பெட்டியில் 3-ஐ ஊற்றக் கூடாது. டொயோட்டா டி-4, டபிள்யூஎஸ் இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றுவதும் ஆகாது.

இவ்வளவு கறார் எதற்கு?

இந்த ஆயில் வெறும் வழவழப்புக்காக இல்லை. அழுத்தத்தைக் கடத்துவது, சூட்டைக் குறைப்பது, பல்சக்கரங்கள் தேயாமல் பார்ப்பது எல்லாம் இதன் வேலை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்த நொடியில் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. ஆயிலில் கலக்கும் உராய்வு மாற்றி என்ற ரசாயனம்தான் அதைச் செய்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தன் தட்டுக்கு ஏற்ப அதன் அளவை வைத்துக்கொள்கிறது. அந்தக் கால ஃபோர்டு டைப் எஃப் ஆயிலில் அந்த மாற்றியே கிடையாது; தட்டு சட்டென்று கவ்வும். டெக்ஸ்ரானில் அது உண்டு, மெதுவாகப் பிடிக்கும். இடம் மாறினால் ஒன்று கியர் மாறும்போது உதறும், இல்லாவிட்டால் தட்டு வழுக்கியே தேயும். (ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்த மாற்றியாக ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெயைத்தான் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்ததும் புதுக் கலவை தேடி அலைய வேண்டியதாயிற்று.)

சிவிடியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இரும்புப் பெல்ட் இரும்புக் கப்பியை இறுக்கிப் பிடித்துத்தான் வண்டியை இழுக்கிறது. சாதா ஏடிஎஃப் ஊற்றினால், எண்ணெய் தடவிய கயிற்றைக் கிணற்று ராட்டினத்தில் போட்டு வாளி இழுப்பது போலத்தான். பெல்ட் ஒருமுறை வழுக்கிக் கப்பியில் கோடு விழுந்துவிட்டால், பிறகு சரியான ஆயிலை ஊற்றிப் பயனில்லை.

கெட்டித்தன்மையும் கணக்கில் உண்டு. 100 டிகிரி சூட்டில் டெக்ஸ்ரான் 3 சுமார் 7.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு); டெக்ஸ்ரான் 6-க்கு 6.4-ஐத் தாண்டக் கூடாது என்று விதி. பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்பதற்காகப் புது ஆயில்கள் மெலிந்துகொண்டே வருகின்றன. “கெட்டியா ஊத்துனா நல்லா தாங்கும்” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

படி 3: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் விளம்பரம். நமக்கு வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அங்கே நீளமாக ஒரு பட்டியல்: டெக்ஸ்ரான், மெர்கான், எஸ்பி-4, டபிள்யூஎஸ் என்று இருபது பெயர் அடுக்கியிருப்பார்கள். பட்டியலுக்கு மேலே உள்ள ஒற்றை வரியைப் படியுங்கள். “அங்கீகரிக்கப்பட்டது” அல்லது “உரிமம் பெற்றது” என்றிருந்தால் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது என்று பொருள். “ஏற்றது”, “பயன்படுத்தலாம்” என்றிருந்தால் அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. உண்மையான டெக்ஸ்ரான் 6 டப்பாவில் ‘ஜே’ என்ற எழுத்தில் தொடங்கும் உரிம எண் அச்சிட்டிருக்கும்.

இரண்டாவது வகை எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். பேர் பெற்ற ஆயில் கம்பெனி தன் தகவல் தாளில் உங்கள் குறியீட்டைத் தெளிவாகப் போட்டிருந்தால், உத்தரவாதக் காலம் முடிந்த டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் சிவிடிக்கு கார் கம்பெனியின் சொந்த ஆயிலைத் தவிர வேறொன்றை நான் வாங்க மாட்டேன். மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக ஒரு பெட்டியைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. “எல்லா வண்டிக்கும், சிவிடிக்கும் சேர்த்து” என்று போட்ட டப்பா என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம். சிவப்பு என்பது வெறும் சாயம். கசிந்தால் எஞ்சின் ஆயில் இல்லை என்று கண்டுபிடிக்கப் போட்டது. ஒரே சிவப்பில் ஒன்றுக்கொன்று சேராத பத்து ஆயில் இருக்கின்றன. மூடியின் சீல், பேட்ச் எண் இரண்டையும் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். சில்லறையாக ஊற்றித் தரும் ஆயில் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

படி 4: எத்தனை லிட்டர்?

மேனுவலில் மொத்தக் கொள்ளளவு என்று ஒன்றும், மாற்றும்போது ஊற்றும் அளவு என்று ஒன்றும் இருக்கலாம். வாங்க வேண்டியது இரண்டாவதன்படி. கீழ் போல்ட்டைக் கழற்றினால் முழு ஆயிலும் இறங்காது. டார்க் கன்வெர்ட்டருக்குள் பெரும்பகுதி தங்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றுவது என்பது பாதிக்கும் குறைவாகப் புதுப்பிப்பதுதான். ஆயில் ரொம்பக் கறுத்திருந்தால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றலாம்.

“இது ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்” என்ற பேச்சு வரும். பிஎம்டபிள்யூ உட்பட பல கார்களுக்குப் பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும், மேனுவலில் கடும் பயன்பாட்டுக்கு என்று தனியாகப் போட்டிருக்கும் கணக்கைப் பின்பற்றுவதே நல்லது.

படி 5: ஊற்றும்போது கூட நில்லுங்கள்

மெக்கானிக்கிடம் முதலில் ஆயில் ஊற்றும் மேல் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கீழ் போல்ட்டைத் திறந்து ஆயிலை எல்லாம் இறக்கிய பிறகு, மேல் போல்ட் துருப்பிடித்துக் கழன்று வரவில்லை என்றால் வண்டி அங்கேயேதான் நிற்கும். இறங்கிய ஆயிலை லிட்டர் கோடு போட்ட பாட்டிலில் அளந்து, அதே அளவு புதியதை ஊற்றி, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு இடத்திலும் சில நொடி வைத்து எடுக்க வேண்டும். கீழ் போல்ட்டின் வாஷர் புதிதாக இருக்கட்டும்.

டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) இல்லாத வண்டிகளில் அளவை ஆயிலின் சூட்டைக் கொண்டுதான் பார்ப்பார்கள். பல மாடல்களில் அது 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், ஆயிலின் அப்போதைய சூடு, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் திரையில் தெரியும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மட்டம் பார்க்கும் போல்ட்டைத் திறந்ததும் ஆயில் முதலில் ஒழுகும், பிறகு மெலிந்து சொட்டுச் சொட்டாகும். அப்போது மூட வேண்டும். மே மாத மதியம் மதுரையில் செய்தால் டப்பாவிலிருந்து வரும்போதே ஆயில் அந்தச் சூட்டை நெருங்கியிருக்கும், காலையில் கொண்டுபோங்கள்.

ஆயிலின் குறியீடு, ஊற்றிய அளவு, தேதி, கிலோமீட்டர் நான்கையும் பில்லின் பின்னால் எழுதி மேனுவலுக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் வண்டியை எடுக்கும் முன், நின்ற இடத்தில் தரையில் சிவப்புச் சொட்டு ஏதும் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.