வெற்றுக் காசோலையில கையெழுத்து வைக்காதேங்கோ

இரணைமடுப் பக்கம் எங்கட மாதர் சங்கத்துக்கு நான் தலைவி. காசோலைக்கு ரெண்டு கையெழுத்து: என்ரையும் பொருளாளர் அக்காவின்ரையும். வங்கி அலுவலுக்குக் கிளிநொச்சிக்கு அடிக்கடி பஸ் ஏற ஏலாதெண்டு, ஐஞ்சாறு வெற்றுக் காசோலையில முன்கூட்டியே கையெழுத்து வச்சு அக்காட்டக் குடுத்திடுவன்.

ஒருநாள் கோழிக் கடனுக்கு வச்ச காசில 40,000 ரூபா குறைஞ்சு கிடந்தது. மகன்ர ஆஸ்பத்திரிச் செலவுக்கு அக்கா கைமாத்தா எடுத்திருக்கிறா. திருப்பித் தந்திட்டா. பிழை என்ரதுதான். ரெண்டாவது கையெழுத்து இருக்கிறதே இன்னொரு கண் பார்க்கத்தான். நான் அந்தக் கண்ணை மூடிப்போட்டன்.

மிச்சக் காசோலையளுக்குக் குறுக்கால கோடடிச்சு ‘இரத்து’ எண்டு எழுதினம். இப்ப பில்லும், கூட்டத்தில தீர்மானிச்ச திகதியும் முன்னால வந்தால்தான் பேனை எடுப்பன். மாதக்கூட்டத்தில வங்கிக் கூற்றைக் காசுப் புத்தகத்தோட வரிவரியா ஒத்துப் பார்க்கிறது பொருளாளர் இல்லை, வேறொரு உறுப்பினர். ஒரு உறுப்பினரின்ர சொந்தக்காரருக்குக் கடன் எண்டால், அதைப் பேசேக்க அந்த உறுப்பினர் எழும்பி வெளியில மாமரத்தடியில இருக்கவேணும். அதையும் கூட்டறிக்கையில எழுதுறம்.

முதல் மாதம் அக்கா முகங்குடுத்துக் கதைக்கேல்லை. மூண்டாம் மாதம் கணக்கில 350 ரூபா ஒத்துவராததுக்குக் காரணத்தை அவாவேதான் கண்டுபிடிச்சா: வங்கி கழிச்ச காசோலைப் புத்தகக் கட்டணம்.