தனுஷ்கோடி ஸ்டேஷனைத் தேடிப் போகிறீர்களா? இப்படிப் பாருங்கள்

தனுஷ்கோடிக்குப் போகிற பலர் இடிந்த தேவாலயத்தின் முன்னால் போட்டோ எடுத்து, அரிச்சல்முனையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பழைய ரயில் ஸ்டேஷனைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் அங்கே மிச்சம் கொஞ்சம்தான், வளைவு வைத்த சில சுவர்த் துண்டுகளும் தண்ணீர்த் தொட்டியின் மிச்சமும். கதை தெரியாமல் போனால் அது வெறும் செங்கல்லாகத்தான் தெரியும்.

அதனால் பாம்பனிலிருந்து ஆரம்பியுங்கள். 1914-ல் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் கிளம்பிய போட் மெயில் ரயில் ராமேஸ்வரம் வழியாகத்தான் தனுஷ்கோடி போனது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை, பாம்பனிலேயே தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது, ஒன்று ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று நேராகத் தனுஷ்கோடிக்கு. தனுஷ்கோடியில் கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு அடுத்த ரயில். கடலைத் தாண்டுகிறவர்களுக்காகவே இருந்த ஸ்டேஷன் இது, இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர்களைப் பாருங்கள்.

சரி, ஊருக்குப் போவது எப்படி? ராமேஸ்வரத்திலிருந்து பஸ் இருக்கிறது. பழைய தனுஷ்கோடியில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அரிச்சல்முனைக்கே கொண்டுபோய்விடுவார்கள். காலையிலேயே போங்கள், நிழல் கிடையாது, சாயங்காலம் இருக்க விடமாட்டார்கள். சுவர்மேல் ஏறாதீர்கள், ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள், ஏற்கெனவே உப்புக்காற்று அரித்துக்கொண்டிருக்கிறது.

ஊரை அழித்த புயலைப் பற்றிப் படிக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சரை, தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் கொண்டுபோனது. இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல் என்பது உறுதி, ஆனால் சரியான எண்ணிக்கையை ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள், விற்ற டிக்கெட்டை வைத்துப் போட்ட கணக்கில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் எப்படி வருவார்கள்? அந்த வாரத்துப் பத்திரிகைகளைச் சென்னை கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஒரே நாளிதழோடு நிறுத்தாமல் இரண்டு மூன்றை ஒப்பிடுங்கள்.

அப்புறம், புயலில் சேதமான பாம்பன் பாலத்தை ரயில்வே எஞ்சினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள், ஆனால் தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவில்லை, ஊரையே குடியிருக்கத் தகாதது என்று அரசு அறிவித்துவிட்டது. ஸ்டேஷனை மூடியது புயல் மட்டுமில்லை, அந்த முடிவும்தான். அங்கே இன்றும் குடிசை போட்டு வாழ்கிற மீனவர்களிடம் அதைப் பற்றிக் கேளுங்கள், அவசரப்படுத்தாமல், அவர்கள் வலை வேலை முடிந்த பிறகு.