ஆய்விதழ்க் கட்டுரையை முதன்முறையாக மதிப்பிடுவோருக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் 1985-இல் தொடங்கப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகமும் இருப்பதால், செட்டிநாட்டில் ஆய்வு மாணவர்களுக்குக் குறைவில்லை. ஓரிரு கட்டுரைகள் வெளிவந்ததும், “எங்கள் இதழுக்கு வந்த இக்கட்டுரை வெளியிடத் தக்கதா என்று மதிப்பிட்டுத் தர இயலுமா?” என்று ஓர் இதழாசிரியரிடமிருந்து அவர்களுக்கு மின்னஞ்சல் வருகிறது. அதன்பின் செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதல் படி: ஒப்புக்கொள்ளும் முன் சுருக்கத்தைப் படியுங்கள்

பொருள் உங்கள் துறைக்கு உட்பட்டதா, குறித்த நாளுக்குள் முடிக்க நேரம் உண்டா என்று பாருங்கள். ஒரு பகுதி மட்டுமே தெரியுமென்றால் அதை இதழாசிரியருக்கு முன்னரே எழுதிவிடலாம். மறுப்பதானால் ஓரிரு நாளில் மறுத்துவிடுங்கள். பதில் சொல்லாமல் இருந்தால் கட்டுரையாளரின் காலம்தான் வீணாகும். கல்வி நிறுவன மின்னஞ்சல் முகவரியையே பயன்படுத்துங்கள். போலி முகவரிகளிலிருந்து வந்த மதிப்பீடுகளை நம்பி ஏற்கப்பட்டிருந்த 64 கட்டுரைகளை 2015-இல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இரண்டாம் படி: உறவையும் போட்டியையும் வெளிப்படுத்துங்கள்

கட்டுரையாளர் உங்கள் நெறியாளரிடம் பயின்றவராகவோ, அண்மையில் உங்களோடு சேர்ந்து எழுதியவராகவோ, அதே நிதிக்கு விண்ணப்பித்த போட்டியாளராகவோ இருந்தால், அது நலமுரண், அதாவது உங்கள் நடுநிலையைக் குலைக்கக்கூடிய தொடர்பு, ஆகும். நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு: செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளோ, கொண்டான் கொடுத்தான் உறவினரோ ஒரே துறையில் இருப்பது அரிதன்று. பெயர் மறைத்து அனுப்பப்பட்ட கட்டுரையிலும், தரவு எடுக்கப்பட்ட ஊரைக் கொண்டே எழுதியவரைக் கண்டுபிடித்துவிட முடியும். அவ்வாறு தெரிந்துவிட்டால், “நான் நடுநிலையாகத்தான் பார்ப்பேன்” என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளாமல், உறவை இதழாசிரியரிடம் சொல்லி முடிவை அவரிடம் விட்டுவிட வேண்டும்.

மூன்றாம் படி: கட்டுரையை எவரிடமும் காட்டாதீர்கள்

வெளிவராத கட்டுரை மற்றொருவரின் உழைப்பு. அதிலுள்ள எண்ணத்தையோ தரவையோ உங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது திருட்டேயாகும். உங்கள் மாணவரின் உதவி தேவைப்பட்டால், இதழாசிரியரிடம் இசைவு பெற்று, அவர் பெயரையும் தெரிவியுங்கள். சாட்ஜிபிடி போன்ற செயலிகளில் கட்டுரையைப் பதிவேற்றுவதும் இரகசியத்தை மீறுவதே. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் தன் நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுவோருக்கு 2023-இலேயே இதைத் தடை செய்தது. பதிப்பகங்கள் பலவும் அவ்வாறே விதித்துள்ளன.

நான்காம் படி: சான்றைத் தேடிப் படியுங்கள்

முதல் வாசிப்பில் கட்டுரை எழுப்பும் கேள்வியையும், இரண்டாவதில் அதற்கு விடை தேடிய முறையையும் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்ததால்தான் அது வலிமை பெற்றது என்று ஒரு கட்டுரை கூறுவதாக வைத்துக்கொள்வோம். சிறு வயது முதல் அதைக் கேட்டே வளர்ந்த நமக்கு அந்த முடிவு இயல்பாகவே தோன்றும். நாம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய இடமும் அதுதான். எத்தனை வீடுகளிலிருந்து மாதிரி எடுத்தார்கள், பழைய பூச்சில் புரதம் இருந்ததை எந்தச் சோதனையால் உறுதி செய்தார்கள், வெள்ளைக்கரு சேர்க்காத சுண்ணாம்புச் சாந்தை அதே முறையில் ஆற்றவைத்து ஒப்பிட்டார்களா, பிற்காலத்தில் பழுதுபார்த்த பகுதிகளை விலக்கினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இவற்றுக்கு விடை இல்லையென்றால், அந்த முடிவு உண்மையாகவே இருந்தாலும் அக்கட்டுரை அதை நிறுவவில்லை. நமக்கு உடன்பாடில்லாத முடிவைச் சொல்லும் கட்டுரையையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அறிக்கையை எழுதுங்கள்

கட்டுரை என்ன சொல்கிறது என்பதை முதலில் உங்கள் சொற்களில் சில வரிகளில் எழுதுங்கள்; தாம் எழுதியது சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதா என்று கட்டுரையாளர் அதிலிருந்து அறிந்துகொள்வார். அதன்பின் பெரிய குறைகளையும், அவற்றுக்குப் பின் சிறிய திருத்தங்களையும் பக்க எண்ணோடு தாருங்கள். “முறை சரியில்லை” என்று மட்டும் எழுதினால் ஒருவரும் திருத்திக்கொள்ள முடியாது. எந்த அட்டவணையில் எது பொருந்தவில்லை என்று சொல்ல வேண்டும். எழுதியவரின் ஆங்கிலத்தையோ அவர் பயிலும் கல்லூரியையோ இழிவாகப் பேசுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. முதல் கட்டுரையோடு வரும் மாணவர் அத்தகைய ஒரு வரியால் ஆய்வையே விட்டு விலகக்கூடும். தேவையின்றி உங்கள் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்வதும் முறைகேடு. கட்டுரையாளரிடம் பாராட்டி எழுதிவிட்டு, இதழாசிரியருக்கான தனிக்குறிப்பில் நிராகரிக்கச் சொல்லாதீர்கள். பிறர் எழுத்தைக் களவாடியதாகவோ தரவைப் புனைந்ததாகவோ ஐயம் எழுந்தால், சான்றுகளோடு இதழாசிரியருக்கு மட்டும் தெரிவியுங்கள். 1997-இல் தொடங்கப்பட்ட ‘கோப்’ (COPE) என்னும் வெளியீட்டு நெறிமுறைக் குழு மதிப்பீட்டாளருக்கென வகுத்த விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆறாம் படி: அனுப்பிய பின்

திருத்திய கட்டுரை மீண்டும் வந்தால், நீங்கள் கேட்டவை நிறைவேறினவா என்று பாருங்கள். முதலிலேயே கேட்டிருக்கக்கூடிய புதுக் கோரிக்கைகளை அப்போது எழுப்புவது நியாயமன்று. இதழாசிரியரின் முடிவு உங்கள் பரிந்துரைக்கு மாறாக இருக்கலாம். அது அவர் பொறுப்பு. வேலை முடிந்ததும் கணினியிலுள்ள கட்டுரை நகலை அழித்துவிடுங்கள். மதிப்பீட்டாளர் பெயரை இதழே வெளியிட்டாலன்றி, கட்டுரையாளரைப் பின்னொரு நாள் கருத்தரங்கில் சந்திக்கும்போதும் மதிப்பிட்டவர் நீங்கள் என்று சொல்லாதீர்கள்.