பழைய வேட்டியில் ஒரு சாஷிகோ துணி

அப்பாவின் நாலு முழ வேட்டி ஒன்று நடுவில் இற்றுப்போய் பீரோவில் கிடந்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை. ஓரங்கள் நன்றாகத்தான் இருந்தன. அதை வெட்டித்தான், சாஷிகோ என்ற ஜப்பானியத் தையலில் என் முதல் துணியைத் தைத்தேன். இன்றும் அடுப்படியில் பாத்திரம் துடைக்க அதைத்தான் எடுக்கிறேன்.

எம்பிராய்டரி என்றாலே சங்கிலித் தையல், காம்புத் தையல் என்று தயங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். இதில் இருப்பது ஓட்டுத் தையல் ஒன்றுதான்.

ஜப்பானிய மொழியில் சாஷிகோ என்றால் ‘சிறு குத்தல்’. வடக்கே தோஹோகு பகுதியில் குளிர் கடுமை, பருத்தி விளையாது. அங்கே சுகாரு என்ற பகுதியில் குடியானவர்கள் பருத்தித் துணி உடுத்தவே ஆட்சியாளர்கள் தடை போட்டிருந்தார்கள். சணல் போன்ற நார்த்துணிதான் அவர்கள் உடை. காற்று புகும் அந்தத் துணியின் இழைகளுக்கு நடுவே வெள்ளைப் பருத்தி நூலை ஓட்டி ஓட்டி அடைத்தார்கள் பெண்கள். கோகின் என்ற தையல் அப்படி வளர்ந்தது. அவர்கள் 1, 3, 5 என்று ஒற்றைப்படையில் இழை எண்ணுவார்கள். பக்கத்தில் ‘நம்பு’ என்ற பகுதிப் பெண்களின் ஹிஷிசாஷி என்ற தையலில் இரட்டைப்படை. இன்றைய தோக்கியோ ‘எடோ’ என்று அழைக்கப்பட்ட காலத்தில், தீயணைப்பவர்கள் பல அடுக்குப் பருத்தியைச் சேர்த்துத் தைத்த அங்கியை நனைத்துப் போட்டுக்கொண்டு நெருப்புக்குள் போனார்கள். துணியைக் காப்பாற்ற, ஆளைக் காப்பாற்ற வந்த தையல் இது. அதனால்தான் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதைவிட, தினம் கைபடும் துணியில் இதைப் போடச் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். 70 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலத்தில் துவைத்த பருத்தித் துணி வேண்டும். புதுத் துணி என்றால் கஞ்சி போகும்வரை இரண்டு முறை அலசிவிடுங்கள். மொடமொடப்பு இருந்தால் ஊசி இறங்காது. நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி பாதியாக மடித்து, மூன்று பக்கமும் தைத்து, நாலு விரல் இடம் விட்டுத் திருப்பி, அந்த வாயையும் மூடுங்கள். இரண்டு அடுக்குச் சதுரம் கிடைக்கும். அதன் நடுவில் 10 செ.மீ. சதுரம் வரைந்து, 5 மி.மீ. இடைவெளியில் கட்டம் போடுங்கள். நெடுக்கே 21 கோடு, குறுக்கே 21 கோடு. தண்ணீரில் அழியும் நீலப் பேனா தையல் சாமான் கடைகளில் கிடைக்கும்.

நூல் பளபளப்பு இல்லாத பருத்தியாக இருக்கட்டும். ஆறு புரி எம்பிராய்டரி நூலில் நான்கு புரியைப் பிரித்து எடுத்தால் போதும். ஊசி நீளமாக இருப்பது முக்கியம்.

முடிச்சு போடக் கூடாது. கோட்டின் முனையிலிருந்து மூன்று தையல் தள்ளி, ஊசியை இரண்டு அடுக்குக்கும் நடுவே நுழைத்து எடுங்கள். முனையை நோக்கி மூன்று தையல் போட்டு, அதே தையல்களின் மேலேயே திரும்பி ஓட்டினால் நூல் பிடித்துக்கொள்ளும். ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே. ஊசியை அசைக்காமல் துணியை மேலும் கீழும் ஆட்டி ஊசியில் ஏற்றுங்கள். நாலைந்து மடிப்பு சேர்ந்ததும் இழுங்கள்.

இழுத்த கையோடு, கட்டைவிரலால் நூல் ஓடும் திசையில் துணியை நீவிவிட வேண்டும். என் முதல் துணியில் இதைச் செய்யவில்லை. நூலை இறுக்கிக்கொண்டே போனேன், பத்தாவது வரிசையில் துணி அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. அத்தனையையும் பிரித்தேன். வங்காளத்துக் காந்தாவும் இதே ஓட்டுத் தையல்தான். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பார்கள். அங்கே அந்தச் சிறு சுருக்கம்தான் அழகு. சாஷிகோவில் துணி தட்டையாகப் படுக்க வேண்டும். வரிசை முடிந்து அடுத்த கோட்டுக்குத் திரும்பும்போது அடுக்குகளுக்கு நடுவே நூலை ஒரு பருப்பளவு தளர்வாக விடுங்கள். துவைக்கும்போது துணி சுருங்கினாலும் அந்தத் தளர்வு தாங்கும்.

குறுக்குக் கோடுகளில் முதல் வரிசையை மேல் தையலில் தொடங்கினால், இரண்டாவதைக் கீழ்த் தையலில் தொடங்குங்கள். இப்படியே மாற்றி மாற்றி 21 வரிசை. இப்போது பார்த்தால் வெறும் கோடுகள்தான், சோர்ந்துவிடாதீர்கள். துணியைத் திருப்பி, நெடுக்குக் கோடுகளையும் அதேபோல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு குறுக்குத் தையலும் ஒரு நெடுக்குத் தையலும் சந்திக்கும். மூன்றாவது நெடுக்கு வரிசையிலேயே தையல்கள் படிக்கட்டு வடிவில் ஏறத் தொடங்கிவிடும். எத்தனை முறை தைத்தாலும் அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தோஷம். ஏற்கெனவே இருக்கும் நூலை ஊசி குத்திவிடாமல், அதன் பக்கத்தில் இறக்குங்கள். எல்லா வரிசையையும், இரு திசையிலும், மேல் தையலிலேயே தொடங்கினால் படிக்கட்டு வராது, தனித்தனிச் சின்னச் சதுரங்கள் வரும். தையல் அதேதான், தொடக்கம் மட்டும் வேறு. அடுத்த துணியில் செய்து பாருங்கள்.

முடிக்கும்போதும் மூன்று தையல் பின்னால் வந்து, நூலை உள்ளே விட்டு நறுக்கிவிடுங்கள். அப்புறம் பச்சைத் தண்ணீரில் நீலக் கோடு முழுதாகப் போகும்வரை ஊற வையுங்கள். சூடு பட்டால் மை தங்கிவிடும், அதனால் இஸ்திரிப் பெட்டியை எடுப்பது துணி காய்ந்த பிறகுதான்.