முகட்டில் தேடாதீர்கள்: எட்வர்ட்ஸ் ஃபெசன்ட் கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர், எதிரே ஏதாவது அசைந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமராக்களைக் காட்டில் வைப்பதற்கான வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். நாற்பது புள்ளிகள். பாதிக்கு மேல் மலை முகட்டில். பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் போட்ட அதே வரைபடம். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேட்டரி தீர்வது, தேதி வைக்க மறப்பது எல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எட்வர்ட்ஸ் ஃபெசன்ட் நடு வியட்நாமுக்கு மட்டுமே உரிய காட்டுக்கோழி. சேவல் கருநீலம், தலையில் குட்டையான வெள்ளைக் கொண்டை, முகமும் காலும் சிவப்பு. 1896இல் அறிவியல் பெயர் பெற்றது. பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் இருந்து 1996இல் மறுபடி கிடைத்தது. 2000க்குப் பிறகு காட்டில் உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் இப்போது 'மிக அருகிய இனம்'.

நல்ல காடு தெரியும் இடத்தில் கேமரா வைப்பது

இன்றும் எனக்கு ஆறாத எரிச்சல் இதில்தான்.

செயற்கைக்கோள் படத்தில் பச்சை எல்லாம் உயரத்தில்தான் தெரியும். கீழே அக்கேசியா, ரப்பர், வயல். போரில் களைக்கொல்லி தெளித்ததில் போன காடும் உண்டு. அதனால் கால் தானாக மேலே ஏறுகிறது. முகட்டில் நடப்பதும் சுலபம். கீழே பிரம்பும் முள்ளும் அட்டையும். ஆனால் இந்தப் பறவை முன்பு கிடைத்த இடங்களைக் குறித்துப் பாருங்கள். தாழ்வான, ஈரம் மிகுந்த பசுமைமாறாக் காடுகள். 300 மீட்டருக்கு மேலே அது வாழ்ந்தது என்று சொல்ல நல்ல ஆதாரம் இல்லை.

நாங்கள் ஒரு பருவம் முழுக்க 600, 700 மீட்டரில் கேமரா வைத்தோம். வெள்ளி ஃபெசன்ட் வந்தது, காட்டுப்பன்றி வந்தது. ஒரு கேமராவில் காற்றில் ஆடிய ஒற்றை ஓலை மட்டும் நாலாயிரம் படம். அறிக்கையில் 'பதிவாகவில்லை' என்று எழுதினேன். படித்தவர்கள் 'இங்கே இல்லை' என்று எடுத்துக்கொண்டார்கள். அடிவாரத்தில் ஒரு துண்டுக்காடு மிச்சமிருந்தது. அங்கே ஒரு கேமராகூட நான் வைக்கவில்லை. இரண்டு வருடத்தில் அது அக்கேசியாத் தோட்டம் ஆகிவிட்டது. அங்கே பறவை இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எனவே முதலில் 300 மீட்டர் கோட்டை வரைபடத்தில் சிவப்பில் போடுங்கள். அதற்குக் கீழே எவ்வளவு சிறிய காடாக இருந்தாலும் அங்கிருந்து தொடங்குங்கள். கேமராவை முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள்; எதிரே ஆடும் இலையை வெட்டிவிடுங்கள். எந்த உயரத்தில் எத்தனை கேமரா எத்தனை நாள் இருந்தது என்ற கணக்கு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வரட்டும்.

வாலில் வெள்ளையைப் பார்த்து வேறு இனம் என்பது

1975இல் 'வியட்நாம் ஃபெசன்ட்' தனி இனமாக விவரிக்கப்பட்டது. முக்கிய வித்தியாசம் வால் நடுவில் வெள்ளை இறகுகள். அப்புறம் கூண்டில் வளர்ந்த எட்வர்ட்ஸ் பறவைகளிலும் அதே வெள்ளை தலைகாட்டியது. உறவுக்குள்ளேயே இணைந்து பெருகியதால் வந்த மாற்றம் அது என்று மரபணு ஆய்வு சொன்னது. அதாவது, காட்டிலேயே கூட்டம் அவ்வளவு சிறுத்துப்போயிருந்தது. 1923இல் கிடைத்த 'இம்பீரியல் ஃபெசன்ட்'டும் தனி இனம் இல்லை. எட்வர்ட்ஸும் வெள்ளி ஃபெசன்ட்டும் சேர்ந்த கலப்பு.

'கூண்டில் ஆயிரம் இருக்கிறதே'

இருக்கிறது. அவை 1920களில் பறவையியலாளர் ழான் டெலக்கூர் பிரான்ஸுக்குக் கொண்டுபோன சில பறவைகளின் வழிவந்தவை. சிலவற்றில் தைவானின் ஸ்வின்ஹோ ஃபெசன்ட் கலந்திருக்கிறது. மரபணு பார்க்காத பறவையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

'காட்டில் அற்றுப்போனது' என்று எழுதுவது

அடிவாரத்தைத் தேடி முடிக்காமல் எழுதாதீர்கள்.

ஜிபிஎஸ் புள்ளியை வெளியிடுவது

கூடவே கூடாது.

கண்ணியைக் கணக்கில் எடுக்காதது

நடு வியட்நாமின் ஹுவே, குவாங் நாம் பகுதியில் சாவோலா என்ற அரிய காட்டு விலங்குக்கான காப்பகங்களில் 2011 முதல் 2019 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகளை ரோந்துக்காரர்கள் அகற்றினார்கள். பிரேக் கம்பியும் வளைத்துக் கட்டிய இளமரமும் போதும். ஒடித்த கிளைகளால் முழங்கால் உயரத்துக்கு நீளமாக வேலி, நடுநடுவே ஒரு சாண் இடைவெளி, அங்கே சுருக்கு. தரையில் மேயும் கோழி வேலியைத் தாண்டிப் பறப்பதில்லை, இடைவெளியைத் தேடி ஓரமாகவே நடக்கும். காடு நன்றாக இருந்தும் உள்ளே ஒன்றும் இல்லாமல் போவது இப்படித்தான். புதியவர்கள் கொண்டுவந்த படிவத்தில் உயரம், மரம், ஓடை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, கண்ணிக்கு இல்லை. சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.