தலை மழுங்கிய எஞ்சின் போல்ட்டைக் கழற்றி மாற்றுவது எப்படி?

பைக்கின் கிளட்ச் பிளேட் மாற்றலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூர் அல்சூர் வீட்டு வாசலில் ஆயிலை வடித்துவிட்டு உட்கார்ந்தேன். கிளட்ச்சை மூடும் எஞ்சின் கவரில் இருந்த போல்ட்டுகள் எல்லாம் சமர்த்தாக வந்துவிட்டன, கடைசி ஒன்று மட்டும், அதுவும் சைலன்சர் பைப்பை ஒட்டி இருப்பது, ஸ்பானர் வழுக்கி வழுக்கித் தலை உருண்டையாகிவிட்டது. உங்களுக்கும் இப்படி ஆனால் முதலில் ஸ்பானரைக் கீழே வையுங்கள்.

போல்ட் போச்சு என்பதில் இரண்டு வகை. ஸ்பானர் மட்டும் சுற்றினால் தலை போயிருக்கிறது. போல்ட்டும் சேர்ந்து சுற்றி, ஆனால் வெளியே வராமல் இருந்தால் உள்ளே மரை போயிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தலை போயிருந்தால், துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து அரை மணி நேரம் விட்டுவிட்டு, போல்ட் தலையில் சுத்தியால் நேராக நாலு தட்டு தட்டுங்கள். அப்புறம் ஸ்ப்ரேயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு (அது தீப்பிடிக்கும்) போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினிய எஞ்சின் கூட்டை ஹீட் கன்னால் (சூடான காற்று வீசும் கருவி) சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். இப்போது ஆறு பட்டை சாக்கெட் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டு பட்டை மறுபடி வழுக்கும். 8 மிமீ தலை என்றால் 5/16 இன்ச் சாக்கெட்டைத் தட்டி ஏற்றலாம், அது 7.94 மிமீ, ஓர் இழை சின்னது, நன்றாகக் கவ்வும்.

அதற்கும் மசியவில்லையா? பலரும் உடனே ஈஸி அவுட்டைத் தேடுவார்கள், போல்ட்டில் துளை போட்டு அதில் எதிர்ப்பக்கமாகத் திருகி இறக்கிப் போல்ட்டைக் கழற்றும் கருவி அது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அது கடினமான எஃகு, உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது, நேராக லேத் பட்டறைதான். அதைவிட, தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, எம்6 (6 மிமீ தடிமன்) போல்ட்டுக்கு 6.5 மிமீ பிட்டால் தலை கழன்று விழும்வரை துளையுங்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தலை போனதும் இறுக்கமும் போய்விடும். கவரை எடுத்தால் மிச்சத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) பிடித்துத் திருப்பினால் வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

மரை போயிருந்தால் ஹெலிகாயில், அதாவது துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள். எம்6-க்கு 1.0 பிட்ச் (மரைகளுக்கு இடையே 1 மிமீ) கிட் கேளுங்கள். எஸ்பி ரோடு டூல்ஸ் கடைகளில் விசாரிக்கலாம். முதலில் எஞ்சின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், உள்ளே விழும் அலுமினியத் தூளைக் காந்தம் இழுக்காது. கிட்டில் வரும் பிட்டை நேராகப் பிடித்துத் துளைத்து, டேப்பை (மரை வெட்டும் கருவி) அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று எண்ணெய் விட்டு இறக்கி, துளையைத் துடைத்துவிட்டு, சுருளைத் திருகி ஏற்றுங்கள். அது மேல்மட்டத்துக்கு அரைச் சுற்று கீழே நிற்க வேண்டும். சுருளின் வாலை ஒடித்து மறக்காமல் வெளியே எடுங்கள்.

புது போல்ட் வாங்க ஜேசி ரோட்டுக்குப் போனால் பழையதைக் கையில் எடுத்துப் போங்கள், நீளம் மாறக்கூடாது. குட்டையானதைப் போட்டால் நாலு மரையில்தான் பிடிக்கும், அடுத்த முறை அதுவும் உரிந்துவிடும். ஒரே கவரில் இரண்டு மூன்று நீளம் இருக்கும் என்பதால் நான் அட்டையில் கவரை வரைந்து அந்தந்த இடத்தில் போல்ட்டுகளைக் குத்தி வைக்கிறேன்.

கவருக்குப் புது பேக்கிங் (கேஸ்கெட்) வைத்து, எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றி, பிறகு எதிரெதிராக இறுக்குங்கள். எம்6 கவர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் வாக்கில் போதும், வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சரியான அளவு இருக்கும். ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, இரவு வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் தாளில் சொட்டு இல்லையென்றால் ஆபீசுக்கு அதிலேயே போகலாம்.